மரத்தடி பெஞ்சும் பதினான்கு பாட்டிமாரும்: ஹராரே நகரின் மனநல முயற்சி, ஒரு நிகழ்வு ஆய்வு

2005 மே மாதம் ஜிம்பாப்வே அரசு தன் நகரங்களில் இருந்த குடிசைகளையும் தெருக்கடைகளையும் இடிக்க ஆரம்பித்தது. 'முராம்பட்ஸ்வினா' என்று அந்த நடவடிக்கைக்குப் பெயர். சில வாரங்களுக்குள் ஏறக்குறைய 7 லட்சம் பேர் வீட்டையோ பிழைப்பையோ இரண்டையுமோ இழந்தார்கள் என்று ஐ.நா. தூதராகப் போய்ப் பார்த்த அன்னா திபைஜுகாவின் அறிக்கை சொல்கிறது. ஏற்கெனவே எச்.ஐ.வி. வீட்டுக்கு வீடு சாவைக் கொண்டுவந்திருந்த நாடு அது. அதன் மேல் வேலையில்லாத் திண்டாட்டம். அப்புறம் இந்த இடிப்பு.

அப்போது ஒரு கோடிக்கு மேல் மக்கள்தொகை கொண்ட அந்த நாட்டில் மனநல மருத்துவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர்தான். அவர்களில் ஒருவர் டிக்சன் சிபாண்டா, தலைநகர் ஹராரேயில் அரசு மருத்துவமனையில் வேலை பார்த்தவர். அவரிடம் சிகிச்சை பெற்றுவந்த ஓர் இளம்பெண் அந்த ஆண்டு தற்கொலை செய்துகொண்டார். அந்தப் பெண்ணின் ஊர் நூறு மைலுக்கு அப்பால் இருந்தது. மகளை அழைத்துக்கொண்டு மருத்துவமனைக்கு வர அம்மாவுக்கு மனம் இருந்தது, பஸ்ஸுக்குக் கொடுக்க 15 டாலர் இல்லை. சிபாண்டா இதைப் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். மருத்துவமனையில் உட்கார்ந்துகொண்டு நோயாளி வருவார் என்று காத்திருப்பது சரியில்லை என்ற முடிவுக்கு அவரைக் கொண்டுவந்தது அந்தச் சாவுதான்.

இந்த 15 டாலரைப் படிக்கும்போது எனக்குக் கோபமும் வருத்தமும் சேர்ந்தே வருகின்றன. மனநலத்தைப் பற்றி நாம் பேசும்போது மனத்தின் உள்ளே நடப்பதை மட்டும் பேசிவிட்டுப் போய்விடுகிறோம். பஸ் காசு, வேலைக்கு லீவு போட முடியாமை, குழந்தையை யாரிடம் விட்டுவிட்டு வருவது என்ற கேள்வி, அக்கம்பக்கத்தார் என்ன நினைப்பார்களோ என்ற பயம், இவையெல்லாமும் சேர்ந்துதான் ஒருவர் உதவி பெறுவதும் பெறாமல் போவதும் தீர்மானமாகிறது. ஹராரேயில் நடந்ததை நான் மதிப்பதற்கு முதல் காரணம், அவர்கள் பஸ் காசில் இருந்து தொடங்கினார்கள்.

கையில் கிடைத்தது

இடிப்பால் மிகவும் அடிபட்ட பகுதிகளில் ஒன்று எம்பாரே. ஹராரேயின் பழைய, நெரிசலான குடியிருப்பு. அங்குள்ள நகராட்சி கிளினிக்கில் மனநல சேவை தொடங்க வேண்டும் என்று சிபாண்டா கேட்டார். கிளினிக்கில் அறை காலி இல்லை. செவிலியர்கள் எச்.ஐ.வி. நோயாளிகளையும் பிரசவங்களையும் பார்க்கவே நேரம் போதாமல் திணறிக்கொண்டிருந்தார்கள். கொடுக்க முடிந்தது இவ்வளவுதான்: கட்டடத்துக்கு வெளியே உள்ள இடம், அத்துடன் 14 பாட்டிமார்.

இந்தப் பாட்டிமார் சும்மா பிடித்துவந்தவர்கள் அல்ல. நகர சுகாதாரத் துறைக்காக வீடு வீடாகப் போய் காசநோய், எச்.ஐ.வி., குடிநீர் சுத்தம் பற்றியெல்லாம் எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்த சமுதாய சுகாதாரப் பணியாளர்கள். பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியவர்கள். எழுதப் படிக்கத் தெரியும். கல்லூரிப் படிப்போ உளவியல் பட்டமோ கிடையாது. எந்தத் தெருவில் யார் வீடு, யார் யாருக்கு என்ன உறவு என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துபடி.

2006-இல் வேலை தொடங்கியது. சிபாண்டா முதலில் பாட்டிமாரைப் பற்றிப் பெரிதாக நம்பிக்கை வைக்கவில்லை. ஆனால் இளைஞர்கள் பயிற்சி முடித்ததும் நல்ல வேலை தேடிப் போய்விடுவார்கள், பாட்டிமார் ஊரிலேயே இருப்பார்கள் என்பது போகப்போகத் தெரிந்தது. அந்த நாட்டின் பெரும்பான்மையினரான ஷோனா மக்களிடையே வயதான பெண்ணுக்கு ஒரு மரியாதை உண்டு. இளையவர் அவர் முன் உட்கார்ந்து மனம்விட்டுப் பேசுவது வழக்கத்தில் உள்ள ஒன்று.

பாட்டிமார் இரண்டு திருத்தங்களைச் சொன்னார்கள். இரண்டும் இல்லாவிட்டால் இந்த முயற்சி முதல் ஆண்டிலேயே படுத்திருக்கும் என்பது என் கணிப்பு. முதலாவது, பெஞ்சின் பெயர். 'மனநல பெஞ்சு' என்று வைத்திருந்தார்கள். யாரும் வந்து உட்காரவில்லை. பைத்தியம் என்று ஊர் சொல்லிவிடும் என்ற பயம் நம்மூரில் மட்டுமா இருக்கிறது? 'நட்பு பெஞ்சு' என்று மாற்றினார்கள், ஆட்கள் வந்தார்கள். இரண்டாவது, மருத்துவப் பாடப்புத்தகத்தில் உள்ள டிப்ரெஷன் மாதிரியான சொற்களை வைத்துப் பேசினால் ஒருவருக்கும் புரியாது என்றார்கள். மக்கள் தங்கள் தொல்லையை 'குஃபுங்கிசிசா' என்றுதான் சொல்வார்கள். அளவுக்கு மீறி யோசித்துக்கொண்டே இருப்பது என்று பொருள். 'ராத்திரி பூரா யோசனை யோசனையா வருது' என்று நம் வீடுகளில் சொல்வதேதான். பேச்சு முழுவதும் அந்த மொழிக்கு மாறியது.

பெஞ்சில் என்ன நடக்கிறது

இதை வெளியில் இருந்து எழுதுபவர்கள் பெரும்பாலும் அன்பான பாட்டி, ஆறுதலான பேச்சு, குணமான மனது என்று கதையை முடித்துவிடுகிறார்கள். அது பாட்டிமாருக்குச் செய்யும் அநியாயம். அன்பு எல்லா ஊர்ப் பாட்டியிடமும் இருக்கிறது. எம்பாரே பாட்டிமாரிடம் அதற்கு மேல் ஒரு முறை இருந்தது. ஒரு வாரத்துக்குச் சற்றுக் கூடுதலான பயிற்சியில் கற்று, மேற்பார்வையில் பழகிய முறை. பலன் தந்தது அந்த இரண்டின் சேர்க்கை.

கிளினிக் வளாகத்தில் மரநிழலில் ஒரு மர பெஞ்சு. வந்தவர் உட்கார்ந்ததும் பாட்டி தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு ஒரு வினாத்தாளை எடுக்கிறார். பதினான்கு கேள்விகள், ஆம் அல்லது இல்லை. கடந்த ஒரு வாரத்தில் அளவுக்கு மீறி யோசித்தீர்களா? சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிச்சல் வந்ததா? கெட்ட கனவு வந்ததா? வயிறு வலித்ததா? தூக்கம் வரவில்லையா? அழுதீர்களா, அழ வேண்டும் போல் இருந்ததா? வேலை தேங்கிப்போனதா? என்ன முடிவு எடுப்பது என்று தெரியாமல் தவித்தீர்களா? உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றியதா? இந்தக் கடைசிக் கேள்வியையும் நேராகத்தான் கேட்கிறார்கள், சுற்றி வளைப்பதில்லை. கேட்டால் அந்த எண்ணத்தைத் தூண்டிவிட்டது போல ஆகிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை. யாராவது கேட்டார்களே என்ற நிம்மதிதான் பெரும்பாலும் வரும். ஆபத்து தெரிந்தால் பாட்டி அந்த ஆளைத் தனியே விடுவதில்லை, மேற்பார்வையாளரிடம் தெரிவித்து அடுத்த கட்ட சிகிச்சைக்கு அனுப்புகிறார்.

இந்த வினாத்தாளில் நமக்கு ஒரு தொடர்பு இருக்கிறது. 1990-களில் ஹராரேயில் வேலை செய்த இந்திய மனநல மருத்துவர் விக்ரம் படேலும் அங்குள்ள சகாக்களும் சேர்ந்து உருவாக்கியது அது. கிளினிக்குகளுக்கும் பாரம்பரிய வைத்தியர்களிடமும் வந்தவர்கள் தங்கள் தொல்லையாகச் சொன்னவற்றில் இருந்தே கேள்விகளை எடுத்தார்கள். வயிற்றுவலி ஏன் மனநல வினாத்தாளில் இருக்கிறது என்று கேட்பவர்கள், நம் வீட்டுப் பெண்கள் எத்தனை பேர் வருடக்கணக்கில் தலைவலி மாத்திரையும் வயிற்றுவலி மாத்திரையும் விழுங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்தால் போதும்.

'ஆம்' என்ற பதில்களின் எண்ணிக்கைதான் மதிப்பெண். அது கூடுதலாக இருந்தால் உரையாடல் தொடங்குகிறது. மொத்தம் ஆறு சந்திப்புகள். முதல் சந்திப்புக்கு மூன்று படிகள். மனத்தைத் திறப்பது ஒன்று, வந்தவரைத் தூக்கி நிறுத்துவது ஒன்று, எடுத்த முடிவில் அவரை உறுதிப்படுத்துவது ஒன்று. மூன்றுக்கும் ஷோனாவிலேயே பெயர் வைத்திருக்கிறார்கள்.

இது எப்படி நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொள்வோம். கணவர் வேறொரு பெண்ணிடம் போய்விட்டார். இவருக்கு எச்.ஐ.வி. இருப்பது போன மாதம்தான் தெரிந்தது. பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்டவில்லை. வீட்டுக்காரர் வாடகை கேட்டுக் கத்துகிறார். எல்லாம் ஒரே மூட்டையாகத் தலைமேல் இருக்கிறது. பாட்டியின் முதல் வேலை அந்த மூட்டையை அவிழ்த்து ஒவ்வொன்றாகக் கீழே வைக்கச் சொல்வது. இடையில் குறுக்கிடக் கூடாது. கேட்டுவிட்டு, வேறு என்ன, வேறு என்ன என்று விசாரித்துப் பட்டியலை முழுதாக்குகிறார்.

பட்டியல் முடிந்ததும் கேட்கிறார்: இதில் எதை முதலில் பார்க்கலாம்? தேர்ந்தெடுப்பது வந்தவர்தான். பாட்டிக்குக் கணவர் விஷயம்தான் பெரிதாகத் தெரியலாம். அந்தப் பெண் பள்ளிக் கட்டணம் என்று சொன்னால் பள்ளிக் கட்டணம்தான். பிறகு அதற்கு என்னென்ன வழி இருக்கிறது என்று இருவரும் வாய்க்கு வந்ததையெல்லாம் அடுக்குகிறார்கள். அண்ணனிடம் கேட்பது, தலைமையாசிரியரைப் பார்த்துத் தவணை கேட்பது, சந்தையில் காய் விற்பது. அதில் ஒன்றை அந்தப் பெண் எடுக்கிறார். அதைச் செய்யக்கூடிய அளவுக்குச் சின்னதாக்குகிறார்கள். என்றைக்குப் போவீர்கள்? யாரைப் பார்ப்பீர்கள்? என்ன சொல்வீர்கள்? அவர் இல்லாவிட்டால் என்ன செய்வீர்கள்? இவ்வளவும் பேசி முடித்துத்தான் எழுந்திருக்கிறார்கள். அடுத்த முறை வரும்போது முதல் கேள்வி, போனீர்களா, என்ன ஆயிற்று? போகவில்லை என்றால் திட்டு இல்லை. எங்கே தடுக்கியது என்று பார்த்து வழியை மாற்றுகிறார்கள்.

இதில் பாட்டிமாருக்குக் கஷ்டமான பகுதி எது என்பதை ஊகிக்கலாம்: புத்தி சொல்லாமல் இருப்பது! வாழ்ந்து அனுபவப்பட்டவர்களுக்கு விடை உடனே தெரிந்துவிடும். பயிற்சியில் அதைத்தான் அடக்கக் கற்றார்கள். ஏன் அடக்க வேண்டும்? மனச்சோர்வில் இருப்பவர் இழந்திருப்பது தன்னால் எதையும் செய்ய முடியும் என்ற நம்பிக்கையை. நாம் ஒரு தீர்வைக் கையில் கொடுத்தால் அந்த நம்பிக்கை இன்னும் கொஞ்சம் கரைகிறது. அவரே ஒரு சின்னப் பிரச்சினையை எடுத்து, அவரே ஒரு வழியைத் தேர்ந்து, அவரே அதைச் செய்துமுடிக்கும்போது மற்றப் பிரச்சினைகள் அப்படியே இருந்தாலும் தூக்கம் வருகிறது. பள்ளிக் கட்டணத்துக்கும் கணவர் போன துயரத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லைதான். ஆனாலும் முதலில் பலன் தருவது அந்தத் துயரத்தைப் பற்றிய பேச்சைவிடக் கட்டணத்துக்கு எடுத்த சின்ன நடவடிக்கைதான்.

சோதித்துப் பார்த்தபோது

நல்ல மனதோடு செய்கிற காரியம் எல்லாம் பலன் தரும் என்று சொல்ல முடியாது. ஹராரே குழு பல ஆண்டுகள் பொறுமையாக அளந்து பார்த்தது. முதல் கட்ட முடிவுகள் 2011-இல் வெளியாயின. 320 பேரிடம் பார்த்ததில், 14-க்குச் சராசரி 11.3 ஆக இருந்த மதிப்பெண் மூன்று முதல் ஆறு சந்திப்புகளுக்குப் பிறகு 6.5 ஆகக் குறைந்திருந்தது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லை. காலம் போகப்போகத் தானே சரியானவர்கள் எத்தனை பேர் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

அதனால் அடுத்து முறையான சோதனை. ஹராரேயில் 24 கிளினிக்குகள், குலுக்கல் முறையில் பாதியில் பெஞ்சு, பாதியில் வழக்கமான சிகிச்சை. வழக்கம் என்றாலும் அதையும் கொஞ்சம் மேம்படுத்தினார்கள். செவிலியர் சிறிது நேரம் பேசுவார், நோயைப் பற்றி விளக்குவார், தேவைப்பட்டால் மருந்தும் உண்டு. 573 பேர் சேர்ந்தார்கள். பத்தில் எட்டுப் பேருக்கு மேல் பெண்கள். பத்தில் நால்வருக்கு எச்.ஐ.வி. இருந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது பெஞ்சுப் பக்கத்தின் சராசரி மதிப்பெண் 3.81, மறுபக்கம் 8.90. மனச்சோர்வின் அறிகுறிகள் பெஞ்சுப் பக்கத்தில் 13.7 சதவீதம் பேருக்கு, மறுபக்கத்தில் 49.9 சதவீதம் பேருக்கு. 2016 டிசம்பரில் அமெரிக்க மருத்துவ சங்கத்தின் ஆய்விதழான 'ஜாமா'வில் இது வெளியானது.

இந்த எண்களை நான் பலமுறை திரும்பிப் படித்தேன். மனச்சோர்வுக்கான பேச்சு சிகிச்சையில் இவ்வளவு பெரிய இடைவெளி அபூர்வம். ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்குக் கிடைத்த நேரமும் கவனிப்பும் மறுபக்கத்தாருக்குக் கிடைத்ததைவிட அதிகம். எனவே பலனில் எவ்வளவு அந்த முறையினால், எவ்வளவு ஒருவர் உட்கார்ந்து கேட்டதினால் என்று பிரித்துச் சொல்ல இந்தச் சோதனையால் முடியாது. எனக்கு அது குறையாகப் படவில்லை. கேட்கும் நேரமும் மருந்தின் ஒரு பகுதிதான்.

பெஞ்சை விட்டு எழுந்த பிறகு

பெஞ்சுக்கு வந்தவர்களை அப்புறம் ஒரு குழுவுக்கு அழைக்கிறார்கள். 'கைகோத்து நிற்போம்' என்ற அர்த்தத்தில் ஷோனாவில் பெயர். அதை நடத்துபவர்கள் ஏற்கெனவே பெஞ்சில் உட்கார்ந்து தேறியவர்கள். வட்டமாக உட்கார்ந்து கழிவு பிளாஸ்டிக்கில் கொக்கி ஊசியால் பை பின்னுகிறார்கள். பின்னிக்கொண்டே பேச்சு. பையை விற்றுக் கொஞ்சம் காசும் பார்க்கிறார்கள். நேருக்கு நேர் உட்கார்ந்து, சொல்லுங்கள் என்றால் வாய் திறக்காத பலர், கைக்கு ஒரு வேலை இருக்கும்போது தானாகப் பேசுவார்கள். பூ கட்டும் இடத்திலும் பீடி சுற்றும் திண்ணையிலும் இதைப் பார்த்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. இதில் வருமானமும் சேர்வது முக்கியம். யோசனை ஓயாமல் வருவதற்குக் காசில்லாமை காரணமாக இருக்கும்போது, காசைப் பற்றிப் பேசாத மனநல சிகிச்சை பாதிச் சிகிச்சைதான்.

சோதனைக்குப் பிறகு ஹராரே, சிட்டுங்விசா, குவேரு நகரங்களில் 72 கிளினிக்குகளுக்கு இது விரிந்தது. மலாவியிலும் சான்சிபாரிலும் தொடங்கினார்கள். நியூயார்க் நகரமும் இதைப் பார்த்துத் தன் தெருக்களில் பெஞ்சு போட்டது.

இந்த முறையால் முடியாதவையும் இருக்கின்றன. மனச்சிதைவு போன்ற கடுமையான நோய்க்கு இது சிகிச்சை அல்ல, சோதனையிலேயே அவர்களைச் சேர்க்கவில்லை. ஆண்கள் குறைவாகவே வருகிறார்கள். பாட்டியிடம் உட்கார்ந்து அழுவது பெண்களுக்குக் கிடைத்த அளவுக்கு ஆண்களுக்கு வாய்ப்பாகப் படவில்லை போலும். அளந்தது ஆறு மாதம் வரைதான். இடிக்கப்பட்ட வீடு பெஞ்சில் உட்கார்ந்ததால் திரும்பி எழுந்துவிடவும் இல்லை. அரசு செய்த காயத்துக்கு மக்கள் தாங்களே மருந்து போட்டுக்கொண்டார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

நம் வீடுகளுக்கு

இந்தியாவில் லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பில், மனநலப் பிரச்சினை உள்ளவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் சிகிச்சை பெறவில்லை என்று தெரியவந்தது. விக்ரம் படேல் தொடங்கியவர்களில் ஒருவராக இருந்த 'சங்கத்' அமைப்பு, மருத்துவர் அல்லாத ஆலோசகர்களைப் பயிற்றுவித்து கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இதே வழியைச் சோதித்து நல்ல பலன் கண்டிருக்கிறது. ஆக இது ஆப்பிரிக்காவில் மட்டும் நடக்கிற காரியம் இல்லை. நம்மூர்ச் சுய உதவிக் குழுக்களிலும் கிராமச் செவிலியர்களிடமும் அங்கன்வாடிப் பணியாளர்களிடமும் இதற்கான ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் பயிற்சியும் மேற்பார்வையும் கொடுக்காமல், ஏற்கெனவே சுமக்கிற வேலையின் மேல் இதையும் ஏற்றினால் ஒன்றும் நடக்காது. பாட்டிமாருக்கும் உதவித்தொகையும் தாங்கள் கேட்டதைக் கொட்டித் தீர்க்க ஒரு மேற்பார்வையாளரும் இருந்தார்கள்.

அரசு செய்யும் வரை காத்திருக்காமல் வீட்டில் செய்யக்கூடியதும் இதில் இருக்கிறது. தங்கையோ நண்பரோ மனது சரியில்லை என்று வந்தால் நம் வாய் தானாகச் சொல்லும் வாக்கியங்களைக் கொஞ்சம் நிறுத்திவைப்பது. 'எல்லாம் சரியாயிடும்', 'உன்னைவிடக் கஷ்டப்படுறவங்க எத்தனை பேர் இருக்காங்க', 'மனசுல போட்டுக் குழப்பிக்காதே'. சொல்பவர் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். கேட்பவருக்கு வாயை மூடு என்று சொன்னது போல் இருக்கிறது. அதற்குப் பதில், வேறு என்ன என்று கேட்கலாம். எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகு, இதில் எதை முதலில் பார்க்கலாம், நாளைக்கே செய்கிற மாதிரி என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நான்கு நாள் கழித்து நாமே போன் செய்து விசாரிக்க வேண்டும். பெரும்பாலோர் விட்டுவிடுவது இந்த இரண்டாவது விசாரிப்பைத்தான். முதல் நாள் கேட்பதற்கு மனமிரக்கம் போதும், நான்காம் நாள் கேட்பதற்கு ஞாபகம் வைத்திருக்க வேண்டும்.

நமக்கே மனது கனக்கும்போதும் ஒரு தாளை எடுத்து இதே பட்டியலைப் போடலாம். தலைக்குள் சுற்றிக்கொண்டிருக்கும்வரை இருபது போல் தெரிவது, தாளில் எழுதினால் பல நேரம் ஐந்தாறாக நிற்கும். மிகப் பெரியதை முதலில் எடுக்க வேண்டாம், கைக்கு எட்டுவதை எடுங்கள்.

ஒன்று மட்டும் தள்ளிப்போடக் கூடாதது. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு அன்றாட வேலை நின்றுபோனாலோ, இல்லாத குரல் கேட்டாலோ, உயிரை விடும் எண்ணம் வந்தாலோ மருத்துவரிடம் போக வேண்டும். மத்திய அரசின் 'டெலி மானஸ்' உதவி எண் 14416. எந்நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.